சுண்டைக்காயும் சுமைகூலியும்

பெல்ஜியத்தின் ஸ்ட்ராங் பீர்களைத் தேடிப் பிடித்து வாங்கும் அன்பர்களுக்கு,

இம்மடல் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. பிரஸ்ஸல்ஸ், புரூஜ் நகரங்களின் பீர்க் கடைகளில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 எனும் மடத்துப் பீர், 33 சென்டிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பாட்டில் ஒன்றுக்குப் பத்து யூரோவுக்கு மேலும், சில இடங்களில் பதினைந்து யூரோ வரையிலும் விற்கப்படுகிறது. அதே கடையில் இரண்டு தட்டுகள் கீழே, ஏறத்தாழ அதே நிறமும் அதே வலுவும் கொண்ட ரோஷ்ஃபோர் 10 அல்லது சின்ட் பெர்னார்டுஸ் ஆப்ட் 12, மூன்று யூரோவை ஒட்டிய விலையில், கேட்பார் குறைவாக நின்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஏழெட்டு யூரோ எதற்குரியது, அது யாரிடம் போய்ச் சேருகிறது, அதைக் கொடுப்பது தகுமா என்பனவற்றைத் தாங்கள் அனைவரும் ஒருமுறையேனும் மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, பெரும்பாலோர் விலை உயர்ந்ததையே கூடையில் இட்டிருப்பீர்கள் என்பதும் இம்மடல் எழுதப்படுவதற்கு ஒரு காரணம்.

முதலில் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் அது இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 விழுக்காட்டுக்கு மேல் 8 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள பீர் ஸ்ட்ராங் பீர் எனப்படுகிறது. இலங்கையின் லயன் ஸ்டௌட் 8.8 விழுக்காட்டைத் தொடுகிறது. பெல்ஜியத்திலோ 8 விழுக்காடு என்பது பேச்சின் தொடக்கம்தான். வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12-இல் இருப்பது 10.2 விழுக்காடு, ஆப்ட் 12-இல் 10, ரோஷ்ஃபோர் 10-இல் 11.3. இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடலாம்: பெயரோடு ஒட்டிநிற்கும் 8, 10, 12 என்ற எண்கள் ஆல்கஹால் விழுக்காடு அல்ல. நொதிப்பதற்கு முன் மால்ட் சாற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட எவ்வளவு கூடுதல் என்பதைச் சொல்லும் பழைய பெல்ஜிய அளவுமுறை ஒன்றிலிருந்து வந்தவை அவை, அம்முறையில் 1.060 அடர்த்தியுள்ள சாறு 6 டிகிரி எனப்படும். ரோஷ்ஃபோரின் பத்துக்கு இன்றும் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. வெஸ்ட்ஃப்ளேட்டரனின் பன்னிரண்டுக்குப் பொருந்துவதில்லை, அது பெயராகவே நிலைத்துவிட்டது. எனவே பத்தைவிடப் பன்னிரண்டு பெரிது என்று விலையை ஒப்பிடுவோர், வீட்டுக் கதவு எண்ணைப் பார்த்து வீட்டின் பரப்பை மதிப்பிடுவோரைப் போன்றவரே.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே முறை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்டை, வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் இனிப்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரைப் பொருள் கரைந்திருக்கிறது என்பதைப் பிளாட்டோ எனும் அளவால் குறிப்பார்கள். 100 கிராம் சாற்றில் 12 கிராம் கரைபொருள் இருந்தால் அது 12 டிகிரி பிளாட்டோ. வழக்கமான 5 விழுக்காட்டு லாகர் பீருக்கு இந்த 12 போதும். பத்து விழுக்காட்டைத் தொடவேண்டுமானால் 22 டிகிரி அளவுக்குச் சாறு கெட்டியாக இருக்கவேண்டும். 22 டிகிரிச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 240 கிராம் கரைபொருள் இருக்கும், 33 சென்டிலிட்டருக்கு 80 கிராம். மால்ட்டின் எடையில் முக்கால் பங்கோ சற்றே கூடுதலோதான் சாற்றில் இறங்கும் என்பதால், எல்லாம் மால்டிலிருந்தே வருவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பாட்டிலுக்குத் தேவைப்படுவது 105 கிராம் மால்ட். சாதாரண லாகருக்கு 55 கிராம். கையால் அள்ளிப் பார்த்தால் இது ஒரு கைப்பிடிக்கும் இரண்டு கைப்பிடிக்கும் உள்ள வேறுபாடு. மால்டின் விலை கிலோ ஒரு யூரோ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், உலகின் மிக உயர்ந்த பீர் என்று புகழப்படும் பானத்துக்குள் சென்றிருக்கும் கூடுதல் பார்லியின் மதிப்பு ஐந்து சென்ட்.

உண்மையில் அதுவும் முழுவதும் பார்லி அன்று. பெல்ஜியத்தின் கருநிற ஸ்ட்ராங் பீர்களில் காண்டிச் சர்க்கரை என்று அவர்கள் அழைக்கும், காய்ச்சிக் கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்க்கப்படுவது நெடுநாள் வழக்கம். பாகை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறும், ஆனால் பீர் கூழ்போல் கனத்துவிடாமல் நாவில் இலகுவாக இறங்கும். உலர்ந்த அத்தி, பேரீச்சை, கருகிய வெல்லம் போன்ற மணங்களில் ஒரு பங்கு இந்தப் பாகின் கொடை, மற்றொரு பங்கு ஈஸ்டின் கொடை. கலப்படம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, அந்தப் பீர்களின் இலக்கணமே இதுதான். ஆனால் இதிலிருந்து வாங்குவோர் அறிந்துகொள்ளவேண்டியது, ஆல்கஹால் விழுக்காடு தன்னளவில் செலவின் அளவுகோலும் அன்று, தரத்தின் அளவுகோலும் அன்று என்பது. விழுக்காட்டை ஏற்றுவது மலிவான வேலை. ஏற்றிய பிறகு அதை நெருப்புப்போல் எரியாமல் ஆற்றி வைப்பதுதான் கடினம்.

அந்தக் கடினத்துக்குத்தான் நேர்மையான கூடுதல் விலை இருக்கிறது. சாறு கெட்டியாக வேண்டுமானால் ஊறவைத்த மால்டைப் பலமுறை நீர் விட்டு அலசி எடுக்க முடியாது, முதல் சாற்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். ஆகவே ஒரே கொப்பரையில், ஒரே நாள் உழைப்பில், ஒரே எரிபொருளில், சாதாரண பீரின் பாதியளவை ஒட்டியே ஸ்ட்ராங் பீர் கிடைக்கிறது. சர்க்கரைச் செறிவிலும் பின்னர் ஆல்கஹால் செறிவிலும் ஈஸ்ட் திணறும், அதை நலமாக வைத்திருக்கக் கவனம் வேண்டும். நொதித்து முடிந்த பீர் வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளியவேண்டும். தொட்டி அவ்வளவு காலமும் வேறு எதற்கும் பயன்படாது. அதன்பின் பாட்டிலில் அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் புதிய ஈஸ்டும் சேர்த்து, வெதுவெதுப்பான அறையில் அடுக்கிவைத்து, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கவிடுவார்கள். நுரைக்குத் தேவையான வாயு அங்கேயே உண்டாகும், அடியில் படியும் மெல்லிய மண்டியும் அதன் விளைவே. மடத்துப் பீர் அல்லாத, 8.5 விழுக்காடுள்ள தூவெல்கூட, காய்ச்சிய நாள் முதல் கடைக்கு வர ஏறத்தாழ 90 நாள் எடுத்துக்கொள்வதாக அதன் ஆலை சொல்லிவருகிறது. இந்த நாள்களுக்கும் தொட்டிகளுக்கும் அறைகளுக்கும் பணம் கொடுக்க யாரும் முகம் சுளிக்கவேண்டியதில்லை.

வரியும் ஒரு பங்கு கேட்கிறது, அது நாட்டுக்கு நாடு வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடுகிறது. பெல்ஜியத்தில் பீருக்கான கலால் வரி, ஒரு ஹெக்டோலிட்டருக்கு, அதாவது 100 லிட்டருக்கு, ஒவ்வொரு பிளாட்டோ டிகிரிக்கும் சுமார் இரண்டு யூரோ என்ற அளவில் விதிக்கப்படுவது. சிறு ஆலைகளுக்குச் சற்றுக் குறையும். 22 டிகிரிப் பீருக்கு ஒரு பாட்டிலுக்கு அது பதினைந்து சென்ட்டைத் தாண்டாது. பிரிட்டனில் 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய முறையோ, 8.5 முதல் 22 விழுக்காடு வரையுள்ள எல்லா மதுவையும், பீரோ வைனோ, ஒரே தட்டில் வைத்து, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 28.50 பவுண்டு என்று தொடங்கியது; அக்கணக்கில் 10.2 விழுக்காடுள்ள 33 சென்டிலிட்டர் பாட்டில் 96 பென்ஸ் கலால் வரியைச் சுமந்துகொண்டுதான் லண்டன் கடைக்குள் நுழைந்தது. ஆகவே லண்டனில் வாழும் அன்பர் ரோஷ்ஃபோர் 10-க்குப் பெல்ஜியத்தாரைவிடக் கணிசமாகக் கூடுதல் கொடுப்பதில் கடைக்காரரின் பேராசை என்று எதுவும் இருக்கவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கூட்டி, பாட்டில், மூடி, கூலி, வண்டி, கடையின் இலாபம், 21 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி ஆகியவற்றையும் சேர்த்தால், பெல்ஜியக் கடையில் ஒரு நல்ல ஸ்ட்ராங் பீரின் விலை இரண்டரை யூரோவிலிருந்து மூன்றரை யூரோவுக்குள் வந்து நிற்பது இயல்பானது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூன்று யூரோவே மிகை என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் அதை லாகர் பாட்டிலோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிடவேண்டியது வைனோடு. 10.2 விழுக்காடுள்ள சிறு பாட்டிலில் இருக்கும் தூய ஆல்கஹால் 33.7 மில்லிலிட்டர், 13 விழுக்காட்டு வைன் முழுப் பாட்டிலில் 97.5 மில்லிலிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இருவர் பகிர்ந்து, சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகக் குடிக்கத்தக்க பானம் அது. தாகத்துக்கு மடமடவென்று குடிப்பதற்குரியது அன்று. அவ்வகையில் மூன்று யூரோ ஸ்ட்ராங் பீர் ஒன்பது யூரோ வைனுக்கு நிகர், ஒன்பது யூரோவில் இத்தனை உழைப்பும் பொறுமையும் அடங்கிய வைன் கிடைப்பது எளிதன்று என்பதால், உண்மையில் அது மலிவு என்றே சொல்லவேண்டும். இதே விகிதத்தில் பதினைந்து யூரோ கொடுத்து வாங்கும் வெஸ்ட்ஃப்ளேட்டரன், 43 யூரோ வைனுக்கு நிகர். நல்ல வைனுக்கு 43 யூரோவை மறுபேச்சின்றிக் கொடுக்கும் உலகம் பீருக்குக் கொடுத்தால் மட்டும் என்ன குறை என்று தங்களுள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை, அந்தப் பணம் போகும் திசையில் இருக்கிறது: வைனுக்குக் கொடுத்ததில் ஒரு பங்காவது திராட்சை வளர்த்தவரிடம் போய்ச் சேரும், இங்கே மேலதிகமாகக் கொடுக்கும் பத்துப் பன்னிரண்டு யூரோவில் ஒரு சென்ட்கூடப் பீர் காய்ச்சியவரிடம் போவதில்லை.

அது ஏன் என்பதை அறிய வெஸ்ட்ஃப்ளேட்டரனைக் காய்ச்சும் மடத்தின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். மேற்கு ஃபிளாண்டர்ஸில், ஹாப் பூத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற போப்பரிங்க நகரை அடுத்துள்ள சின்ட் சிக்ஸ்டுஸ் மடம் 1831-இல் நிறுவப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். அங்குள்ளவர்கள் திராப்பிஸ்ட் துறவியர்: பிரான்சின் நார்மண்டியிலுள்ள லா திராப் மடத்தில் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தத்தைப் பின்பற்றி, வழிபாட்டோடு கைத்தொழிலும் செய்து தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ளவேண்டும் என்ற நெறியில் நிற்போர். பிழைப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே காய்ச்சுவது, அதற்கு மேல் தேவை எவ்வளவு பெருகினாலும் ஆலையைப் பெருக்காமல் இருப்பது என்பது அந்த மடம் தனக்கு விதித்துக்கொண்ட எல்லை. ஷிமே மடத்தார் இந்த எல்லையை வேறிடத்தில் வரைந்துகொண்டார்கள், அதனால் 9 விழுக்காடுள்ள ஷிமே நீல மூடிப் பீர் ஐரோப்பா எங்கும் பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கிறது. அவர்களும் திராப்பிஸ்ட் துறவியரே. எனவே வெஸ்ட்ஃப்ளேட்டரனின் அருமைக்குக் காரணம் துறவோ செய்முறையின் கடினமோ அன்று, ஒரு குறிப்பிட்ட மடம் எடுத்த ஒரு முடிவு.

2005-இல் பீர் ஆர்வலர்களின் தரவரிசை ஒன்றில் இந்தப் பன்னிரண்டு உலகின் முதலிடத்தைப் பெற்றது என்ற செய்தி பரவியதும் மடத்து வாயிலில் கார்கள் வரிசை கட்டின, இருப்பு தீர்ந்தது. துறவியர் அதற்கு எதிர்வினையாக விலையை ஏற்றவில்லை, உற்பத்தியையும் ஏற்றவில்லை. தொலைபேசியில் முன்பதிவு செய்து, கார் எண்ணைக் கொடுத்து, குறித்த நேரத்தில் வந்து, அளவிட்ட பெட்டிகளை மட்டும் எடுத்துச் செல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறைக்குக் காத்திருக்கவேண்டும். வாங்கியதை விற்கக் கூடாது என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தது. 2019-இல் தொலைபேசிக்கு மாற்றாக மடத்தின் சொந்த இணைய விற்பனை வந்தது. சந்தை என்பது தேவைக்கேற்ப விலையை ஏற்றும் என்று பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லும் இடத்தில், விற்பவரே விலையை ஏற்ற மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது: விற்பவர் எடுக்காத இலாபத்தை வரிசையில் முதலில் நின்றவர் எடுத்துக்கொண்டார். 2018-இல் நெதர்லாந்தின் அங்காடித் தொடர் ஒன்று இந்தப் பீரைப் பாட்டில் 9.95 யூரோவுக்கு விற்பனைக்கு வைத்தபோது, மடத்து வாயிலில் அதன் விலை இரண்டு யூரோவுக்கும் குறைவு. துறவியர் வெளிப்படையாகவே தம் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே கணக்கு ஏறக்குறைய அப்படியே அமைந்தது. வேறுபாடு ஒன்றுதான், அந்தச் சுமையைத் தூக்கும்படி யாரும் யாரையும் கேட்கவில்லை.

துறவியரே கூடுதல் விலைக்கு விற்றதும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தபோது, 2011 நவம்பரில் ஆறு பாட்டில்களும் இரண்டு கோப்பைகளும் அடங்கிய பெட்டியை 25 யூரோவுக்குப் பெல்ஜியத்தின் கடைத்தொடர் ஒன்றின் வழியாக விற்றார்கள்; மறு ஆண்டு டிசம்பரில் அதுபோன்ற பெட்டி அமெரிக்காவில் சுமார் 85 டாலருக்குப் போயிற்று. பாட்டில் நான்கு யூரோ, பதினான்கு டாலர் என்று வரும் இந்த இரு விலைகளுக்கும் நடுவில் கடல் இருக்கிறது, இறக்குமதியாளர், மொத்த விற்பனையாளர், சில்லறைக் கடைக்காரர் என்று சட்டப்படியே மூன்று கைகள் மாறவேண்டிய அமெரிக்க மது விற்பனை முறையும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் வாங்கியவருக்குத் தான் ஒரு கூரைக்கும் சுவருக்கும் பணம் தருகிறோம் என்பது தெரிந்திருந்தது. அது நன்கொடை, நன்கொடைக்கு உச்சவரம்பு கட்டுவது இம்மடலின் வேலையன்று.

இனி, கீழ்த்தட்டில் நிற்கும் பாட்டிலுக்கு வரலாம். 1946-இல் சின்ட் சிக்ஸ்டுஸ் மடம் வெளிச்சந்தைக்கான தன் பீரைத் தானே காய்ச்சுவதை விடுத்து, பக்கத்து வாட்டூ ஊரிலிருந்த ஓர் ஆலைக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. மடத்தில் பீர் காய்ச்சிவந்த வல்லுநர் ஒருவரே செய்முறையோடும் ஈஸ்டோடும் அங்கே போனார். மடத்துக்குள் தம் தேவைக்கும் வாயில் விற்பனைக்கும் மட்டும் சிறிதளவு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1992 வரை, 46 ஆண்டுகள், உலகம் ‘சின்ட் சிக்ஸ்டுஸ்’ என்று வாங்கிக் குடித்த பீர் வாட்டூவில் உருவானதுதான். திராப்பிஸ்ட் என்ற சொல்லுக்கு 1962-இல் கென்ட் நகர வணிக நீதிமன்றம் பாதுகாப்பு அளித்த பிறகு, மடத்து மதிலுக்குள் காய்ச்சாத பீருக்கு அப்பெயர் பொருந்தாது என்ற கருத்து வலுப்பெற்று, உரிமமும் முடிவுக்கு வந்தது. 1997-இல் உருவான பன்னாட்டுத் திராப்பிஸ்ட் சங்கம் ஆறுகோண முத்திரையை வகுத்து, மதிலுக்குள், துறவியரின் மேற்பார்வையில், பிழைப்புக்கும் அறப்பணிக்குமாகக் காய்ச்சப்படுவதற்கே அதை வழங்கியது. வாட்டூ ஆலை தன் பெயரை முன்வைத்து அதே வகைப் பீரைத் தொடர்ந்து காய்ச்சியது, அதுவே சின்ட் பெர்னார்டுஸ் ஆப்ட் 12. பழைய மடத்து ஈஸ்டைத் தானே காத்துவருவதாக அந்த ஆலை சொல்கிறது. மடமோ இப்போது வெஸ்ட்மல்லே மடத்து ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. ஆகவே ‘அசல்’ எது என்று வழக்காடத் தொடங்கினால் வழக்கு முடியாது.

முத்திரையின் எடையை அறிய இன்னொரு நிகழ்வு உதவும். ஆஹெல் என்ற ஊரின் மடத்தில் துறவியர் எண்ணிக்கை குறைந்து, எஞ்சியோரும் வெளியேறியதால், 2021-இல் அந்தப் பீர் ஆறுகோண முத்திரையை இழந்தது. முந்தைய நாள் காய்ச்சியவர்களே மறுநாளும் அதே கொப்பரையில், அதே செய்முறையில் காய்ச்சினார்கள். கோப்பையில் ஊற்றியதில் எதுவும் மாறவில்லை, பாட்டிலின் முதுகில் ஒரு சிறு படம் மட்டும் இல்லாமற்போனது. அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை என்பதன்று இதன் பொருள். பணம் எங்கே போகிறது என்பதற்கு அது சான்று. சுவைக்குச் சான்று அன்று.

சுவை வேறுபாடு மெய்யாகவே இருக்கிறதா என்று அறிய விரும்பும் அன்பர்களுக்கு, உணவுத் தொழிலில் நெடுநாளாக வழங்கும் முக்கோணச் சோதனை போதும். மூன்று ஒரேமாதிரிக் கோப்பைகள். இரண்டில் ஒரு பீர், ஒன்றில் மற்றது. எது எதில் என்பது ஊற்றியவருக்கு மட்டுமே தெரியும். அவர் அறையைவிட்டு வெளியே போய்விடவேண்டும், ஏனெனில் முகம் காட்டிக்கொடுக்கும். தனித்து நிற்கும் கோப்பை எது என்று சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதில் பெருமை இல்லை. மூன்று முறையும் தற்செயலாகச் சரியாக அமைய இருபத்தேழில் ஒரு வாய்ப்பே உண்டு. இரண்டு பீரும் 12 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரே வெப்பத்தில் இருக்கவேண்டும், அடிமண்டி எதிலும் விழக்கூடாது, முக்கியமாக இரண்டின் வயதும் ஒத்திருக்கவேண்டும். புதிய ஆப்டையும் இரண்டாண்டு கிடந்த வெஸ்ட்ஃப்ளேட்டரனையும் ஒப்பிட்டு, வயதின் சுவையை மடத்தின் சுவை என்று எழுதிவைத்தவர் பலர். பழகிய நாவுள்ளவர் இரண்டையும் பிரித்தறிவது அரிதன்று. ஆனால் வேறு என்று அறிவது ஒன்று, மேல் என்று அறிவது மற்றொன்று. சோதனைக்குப் பின் எது வேண்டும் என்று கேட்டால், பெயர் மறைத்த நிலையில் விடை ஐந்து மடங்கு விலைக்கு ஏற்ற உறுதியோடு வருகிறதா என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பாட்டிலுக்குக் கூடுதல் விலை கேட்கும் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். கருநிறமும் வலுவும் உடைய, பாட்டிலுக்குள் ஈஸ்ட் உள்ள பீர் சில ஆண்டுகள் நன்றாகவே முதிரும். காரம் அடங்கும், ஷெர்ரி வைனையும் உலர் பழத்தையும் நினைவூட்டும் மணங்கள் எழும். ஆனால் அது இருட்டில், நிமிர்த்தி, வெப்பம் ஏறி இறங்காத நிலவறையில் கிடந்தால்தான். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமெடுக்கும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு காக்கும், முழுமையாகக் காக்காது. வெயில் விழும் காட்சிப் பலகையில் மூன்று கோடைக்காலம் நின்ற பாட்டில் முதிர்ந்த பாட்டில் ஆகாது, வாடிய பாட்டில்தான். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார். மூடியிலுள்ள தேதியைப் படித்துவிட்டு, அது எங்கே இருந்தது என்றும் கேட்டு, விடை வராத பாட்டிலை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. 75 சென்டிலிட்டர் தக்கை பாட்டில்களுக்கும் இதே எச்சரிக்கை போதும். அங்கே கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் தக்கைக்கும் கம்பிக்கும்.

வாயிலில் நேரில் போய் வாங்குவோர் தாங்கள் இந்தச் சுமைகூலியிலிருந்து தப்பியதாக நினைத்துக்கொள்வதும் முழு உண்மை அன்று. பாரிஸிலிருந்து மடம் சுமார் 270 கிலோமீட்டர். போக வர 540. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் கார், லிட்டர் 1.80 யூரோ என்றால், எரிபொருள் மட்டும் 68 யூரோ, சுங்கம் தனி. 24 பாட்டில் கொண்ட இரண்டு மரப்பெட்டிகள் கிடைத்தால் பாட்டிலுக்கு ஒன்றரை யூரோ கூடும், அது தாங்கத்தக்கது. ஒரு பெட்டியோடு திரும்பினால் மூன்று யூரோ கூடி, ரோஷ்ஃபோரின் விலையைத் தாண்டிவிடும். மடத்துக்கு அருகிலுள்ள லீல் நகரில் இருப்பவருக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. ஆனால் மடத்துக்கு எதிரே உள்ள இன் டெ ஃப்ரேடே என்னும் உணவகத்தில், சுற்றிலும் வயல்வெளி தெரிய, அதே பீரைக் கோப்பையில் வாங்கி மடத்துப் பாலாடைக்கட்டியோடு அமர்ந்து குடிப்பதை நாடிப் போகிறவர் பயணத்தையும் வாங்குகிறார். அப்பயணத்தின் விலையைப் பாட்டில் தலையில் ஏற்றவேண்டியதில்லை, காரை ஓட்டுபவர் குடிக்காமல் இருந்தால்.

ஆகவே தங்கள்முன் வைக்கப்படும் அளவு இது: பெல்ஜியத்தில் பத்து விழுக்காட்டை ஒட்டிய கருநிறப் பீருக்கு, எந்த மடமானாலும் எந்த ஆலையானாலும், கடையில் நான்கு யூரோ வரை யோசிக்கவேண்டியதில்லை, லண்டனில் வரியைச் சேர்த்து அதன்மேல் ஒன்றிரண்டு பவுண்டு போகலாம். வெஸ்ட்ஃப்ளேட்டரனை ஒருமுறையாவது அறியவேண்டும் என்ற ஆவல் இயல்பானதே, அதை மடம் அறிவிக்கும் வழியிலோ எதிரேயுள்ள உணவகத்திலோ தீர்த்துக்கொள்ளலாம். மறுவிற்பனைக் கடையில் ஐந்து யூரோவுக்கு மேல் கொடுக்க இம்மடல் ஒரு காரணத்தையும் கண்டுபிடிக்கவில்லை. யாரேனும் அன்பாகக் கொடுத்த பாட்டிலுக்கு மட்டும் இக்கணக்கு எதுவும் பொருந்தாது. அதை விலை விசாரிக்காமல், ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் குளிர் தணியவிட்டு, கோப்பையைச் சாய்த்து ஒரே மூச்சில் மெதுவாக ஊற்றி, கழுத்தருகே மண்டி தெரியும்போது நிறுத்திவிட்டால் போதும். கொடுத்தவருக்கும் பாதி ஊற்றவேண்டும்.

இப்படிக்கு,
அதே அலமாரியின் முன் நிற்கும் வாங்குவோருள் ஒருவர்